செடியும் சாமியும் – 8: பட்டைக் குழியில் இறங்கிய பூ

சென்ற வாரம் குடியாத்தத்தில் நின்றோம். வைகாசி முதல் நாள் கெங்கையம்மனின் சிரசு ஊர்வலமாக வந்து, தீண்டத்தகாதவள் என்று ஒதுக்கப்பட்ட சண்டாளச்சியின் உடலில் ஏறி அமர்ந்ததைப் பார்த்தோம். அந்த அம்மனின் வேப்பிலை வேலூர் வட்டாரத் தெருமுனைகளில் எப்படிக் காவல் நிற்கிறது என்பதையும் பார்த்தோம்.

அதற்கும் முன்பு, இந்தத் தொடரின் முதல் வாரத்தில், மெக்சிகோவின் மேற்கு மலைகளுக்குப் போயிருந்தோம். உலகம் ஹுய்ச்சோல் என்று அழைக்கும் அந்த மக்கள் தங்களை விக்சாரிகா என்று சொல்லிக்கொள்கிறார்கள். மான், மக்காச்சோளம், பெயோட்டே என்னும் சிறு கள்ளி ஆகிய மூன்றும் அவர்களுக்கு ஒரே உயிரின் மூன்று முகங்கள். விரிக்குத்தா பாலைநிலத்துக்கு யாத்திரை போகிறவர்கள் முதலில் கண்ட கள்ளியின் மேல் அம்பு எய்கிறார்கள். மானை வேட்டையாடுவது போலத்தான் செடியை எடுக்கிறார்கள்.

ஒரு விலங்கும் ஒரு செடியும் இப்படிப் பிரிக்க முடியாமல் பிணைந்து கிடப்பதைப் பார்க்க மெக்சிகோ வரை போக வேண்டியதில்லை. பாலாற்றங்கரையில் அது மாடும் ஆவாரையும்.

மேயாத செடி

வேலூரிலிருந்து பள்ளிகொண்டா, மாதனூர், ஆம்பூர், வாணியம்பாடி என்று பெங்களூர் நெடுஞ்சாலையில் போகிறவர்கள் ஆவாரையைப் பார்க்காமல் போக முடியாது. கரடு, ஏரிக்கரை, தரிசு, ரயில் பாதையோரம் என்று யாரும் விதைக்காத இடமெல்லாம் அதன் இடம். இடுப்பளவு, சில இடங்களில் ஆளுயரம். மெல்லிய தண்டு, பழுப்புப் பட்டை, புளிய இலையைவிடச் சற்றுப் பெரிய இலை, கொத்துக் கொத்தாக மஞ்சள் பூ. மழைக்காலம் முடிந்து தை பிறக்கும் நேரத்தில் கரடெல்லாம் மஞ்சளாகிவிடும்.

இந்தச் செடியை ஆடும் மேயாது, மாடும் மேயாது. அதனால்தான் மேய்ச்சல் நிலத்தில் மற்றதெல்லாம் மொட்டையாகும்போது இது மட்டும் நிற்கிறது. வெட்டினாலும் தூரிலிருந்து மறுபடி துளிர்க்கும். வறட்சி இதற்குப் பொருட்டே அல்ல.

தமிழர் இதைப் பார்த்துக்கொண்டிருப்பது இன்று நேற்றல்ல. குறிஞ்சிப்பாட்டின் 99 பூக்களில் ஆவிரையும் ஒன்று. காதலியைப் பெற வேறு வழியில்லாமல் பனைமடலால் செய்த குதிரையில் ஏறி ஊர் நடுவே வந்து நிற்கும் சங்ககாலத் தலைவன் எருக்கம்பூவும் ஆவிரம்பூவும் சூடி வருவான். மானத்தை விட்டு, உயிரையும் பணயம் வைத்து நிற்கிறவனின் பூ அது.

சித்த மருத்துவர்களுக்கு இதன் பூ, இலை, பட்டை, வேர், விதை ஐந்தும் மருந்து. நீரிழிவுக்குக் கொடுக்கும் ஆவாரைக் குடிநீர் இன்றும் கடைகளில் கிடைக்கிறது. ஆந்திர எல்லை அருகில் இருப்பதால் ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கம் இதைத் தங்கேடு என்று சொல்கிற தெலுங்கு வீடுகளும் உண்டு. தெலங்கானாவின் பதுக்கம்மா பண்டிகையில் அடுக்கடுக்காகப் பூக்கோபுரம் கட்டி அம்மனாக வணங்குவார்களே, அந்தக் கோபுரத்தில் தவறாமல் இடம்பிடிக்கும் பூ இதுதான். தெலங்கானாவின் மாநிலப் பூவும் இதுவே.

கழுத்தில் மாலை

போகி நாள் மாலை. ஆவாரம்பூக் கொத்து, வெள்ளைப் பூளைப்பூ, வேப்பிலை, மாவிலை எல்லாவற்றையும் ஒரு பிடியாகச் சேர்த்துக் கட்டி வாசல் நிலையிலும் கூரை இறவாணத்திலும் செருகுவார்கள். காப்புக் கட்டுவது என்று அதற்குப் பெயர். கொங்கு நாட்டிலும் சேலம், தருமபுரிப் பக்கமும் வலுவாக இருக்கும் வழக்கம் இது. திருப்பத்தூர் வரையிலும் பரவியிருக்கிறது. வீட்டுக்கு மட்டுமல்ல, மாட்டுக் கொட்டிலுக்கும் கிணற்றுமேட்டுக்கும் காப்பு உண்டு. வயலிலும் ஒரு கொத்தை நட்டு வைப்பார்கள்.

அடுத்து மாட்டுப் பொங்கல். கொம்புக்கு வண்ணம், நெற்றியில் மஞ்சள் குங்குமம், கழுத்தில் ஆவாரம்பூ மாலை. அதற்குப் பின் வேலூர், திருப்பத்தூர் மாவட்ட ஊர்களில் வாரக்கணக்கில் நடக்கும் எருது விடும் விழா. வீதியின் இருபுறமும் ஆட்கள் நெருக்கியடித்து நிற்க, காளை நடுவே பாய்ந்து ஓடும்.

இந்த மாலையைக் கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். பூவை மட்டும் கிள்ளித் தொடுத்த மாலையல்ல அது. இளந்தண்டோடு ஒடித்து, வேப்பிலையையும் இடையிடையே வைத்து நாரால் முறுக்கியது. ஒடித்த இடத்தில் பட்டை உரிந்து தொங்கும். அதைக் கட்டிய விரல்களில் பழுப்புக் கறை ஏறும். வாயில் வைத்தால் நாக்கைச் சுருக்கி இழுக்கும் துவர்ப்பு.

அந்தத் துவர்ப்பில்தான் இந்த வாரக் கதை இருக்கிறது.

தோலில் பட்டை

பச்சைத் தோல் இரண்டே நாளில் அழுகத் தொடங்கும். காய வைத்தால் பலகையாக விறைக்கும். அழுகாமலும் விறைக்காமலும் அதைத் தோல்பொருளாக மாற்றுவது துவர்ப்புச் சத்து. ஆவாரம் பட்டையில் அந்தச் சத்து நூற்றுக்கு 15 முதல் 20 பங்கு வரை இருக்கிறது. தோலின் நார்களோடு அது இறுகச் சேர்ந்துகொண்டால் பிறகு தண்ணீரும் கிருமியும் சுலபத்தில் தோலைத் தீண்டுவதில்லை.

பழைய டேனரிகளில் வேலை நடந்த வரிசை இது. வந்த தோலை முதலில் நீரில் ஊறவைத்து உப்பும் இரத்தமும் போகக் கழுவுவார்கள். பிறகு சுண்ணாம்புக் குழி. மயிர்க்கால் தளர்ந்ததும் சாய்வான மரத்தின் மேல் விரித்து, இரண்டு கைப்பிடி வைத்த வளைந்த கத்தியால் ஒரு பக்கம் மயிரையும் மறுபக்கம் ஒட்டிய சதையையும் வழிப்பார்கள். சுண்ணாம்பு போக மறுபடி கழுவல். அதன் பிறகு பட்டைக் குழி.

இடித்த ஆவாரம் பட்டை ஊறிய பழுப்பு நீரில் தோல்களைப் போட்டு, நாள்தோறும் ஆட்கள் இறங்கிப் புரட்டுவார்கள். முதல் குழியில் பழைய, இளைத்த சாறு. அடுத்தடுத்த குழிகளில் கெட்டியான சாறு. முதலிலேயே கெட்டிச் சாற்றில் போட்டால் மேல்தோல் மட்டும் சுருங்கி, உள்ளே பச்சையாகவே நின்றுவிடும். எந்த நாளில் எந்தக் குழிக்கு மாற்றுவது என்பது குழியில் நிற்கிறவரின் விரலுக்குத்தான் தெரியும். ஓரத்தில் கத்தியால் சிறு கீறல் போட்டு, நடுவில் வெள்ளைக் கோடு மறைந்துவிட்டதா என்று பார்ப்பார். இதெல்லாம் முடிய வாரக்கணக்கில் ஆகும்.

கடைசியில் கடுக்காய் நீர். ஆவாரையில் மட்டும் பதப்பட்ட தோல் வெயில் பட்டால் சிவந்துவிடும். கடுக்காய்ச் சாற்றில் முங்கி எழுந்தால் இளமஞ்சள் நிறம் நிலைக்கும். கடுக்காய்க்கு ஆம்பூர்க்காரர்கள் தூரம் போக வேண்டியதில்லை. கிழக்கே ஜவ்வாது மலை இருக்கிறது. அங்கே மலையாளிப் பழங்குடிகள் பொறுக்கி இறக்கும் கடுக்காய் இன்றும் பெயர்பெற்றது. பிறகு எண்ணெய் தடவி, நிழலில் உலர்த்தி, மடிப்பு நீக்கித் தேய்த்துக் கட்டுகளாகக் கட்டுவார்கள்.

பொங்கலன்று மாட்டின் கழுத்தில் விழுந்த அதே செடி, மாடு செத்த பிறகு அதன் தோலோடு கலக்கிறது. உயிரோடு இருந்தவரை மாடு இந்தச் செடியில் வாய் வைத்ததே இல்லை.

பட்டைக்கு இல்லாத தீட்டு

இங்கே நின்று ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும்.

ஆவாரை வீட்டு நிலைப்படியிலும் இருந்தது, பட்டைக் குழியிலும் இருந்தது. குழியில் இறங்கியதற்காக அதை யாரும் வாசலிலிருந்து விலக்கவில்லை. ஆனால் அதே குழியில் முழங்கால் வரை நின்ற மனிதரை ஊர் விலக்கியது. செத்த மாட்டைத் தூக்கியவர், உரித்தவர், குழியில் மிதித்தவர் எல்லோரும் பெரும்பாலும் தலித் மக்கள். சாதி இந்துக்கள் தொட மறுத்த இந்த வணிகத்தை ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பகுதி முஸ்லிம் வணிகர்கள் எடுத்து நடத்தினார்கள். அதில் வந்த பொருளில் பள்ளிகளும் மருத்துவமனைகளும் எழுந்தன. 1919இல் தொடங்கிய வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி அந்த வணிகச் சமூகத்தின் கொடை.

செடிக்கு ஒரு நீதி, அதைக் கையாண்டவருக்கு ஒரு நீதி. சென்ற வாரம் குடியாத்தத்தில் ஊரே சண்டாளச்சியின் உடலை வணங்குவதைப் பார்த்தோமே, அந்த வணக்கம் குழிவரை வந்து சேரவில்லை. திண்டுக்கல் தோல் தொழிலாளர்களைப் பற்றி டி. செல்வராஜ் எழுதிய 'தோல்' நாவல் 2012இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. குழிக்குள் நின்றவர்களின் வாழ்க்கை இலக்கியத்தில் தன் முழு அளவில் வந்து சேர அவ்வளவு காலம் ஆயிற்று.

ரயில் வந்தது

ஊர்ச் சக்கிலியர் செருப்புக்கும், கிணற்று நீர் இறைக்கும் கவலைப் பறிக்கும் தோல் பதனிட்ட சிறு தொழில், கடல் தாண்டும் வணிகமானது எப்படி?

1840களில் சென்னையில் சார்லஸ் டி சூசா என்ற யுரேசியர் தோல் பதனிடத் தொடங்கியதைத் தொடக்கப் புள்ளியாகச் சொல்வது வழக்கம். உள்ளூர் முறையை அவர் தூக்கி எறியவில்லை. ஆவாரம் பட்டையை வைத்துக்கொண்டு, வேலையை ஒழுங்குபடுத்தி, கடைசியில் கடுக்காய்ச் சாற்றைச் சேர்த்தார். லண்டன் சந்தை அந்தத் தோலை ஈஸ்ட் இந்தியா தோல் என்ற பெயரில் வாங்கத் தொடங்கியது. இன்றும் ஈ.ஐ. தோல் என்றே வணிகத்தில் சொல்கிறார்கள். புவிசார் குறியீடு பெற்ற தமிழகப் பொருள்களில் அதுவும் ஒன்று.

1856 ஜூலை 1. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு ஓடியது. அந்தப் பாதை பாலாற்றை ஒட்டி மேற்கே நீண்டது. ஆம்பூரும் வாணியம்பாடியும் ரயில் நிலைய ஊர்களாயின.

ஒரு தொழிலுக்கு வேண்டிய எல்லாமும் ஒரே பள்ளத்தாக்கில் கூடிவிட்டன. பாலாற்று மணலுக்கு அடியில் தோண்டினால் சுரக்கும் நல்ல தண்ணீர். கரடெல்லாம் ஆவாரை. மலையில் கடுக்காய். ஊரெல்லாம் மாடும் ஆடும். கூலிக்கு ஆள். சென்னை பெரியமேட்டுத் தோல் மண்டிக்குக் கட்டுகளை ஏற்றிவிட ரயில்.

ஆவாரை அறுப்பு ஒரு கோடைக்காலப் பிழைப்பாயிற்று. காட்டு வேலை இல்லாத மாதங்களில் பெண்களும் பிள்ளைகளும் கரட்டில் செடியை வெட்டி, தண்டை அடித்துப் பட்டையை உரித்து, உலர்த்தி, மூட்டையாகத் தலையில் சுமந்து வந்து எடைக்குப் போட்டார்கள். பூவை யாரும் விலைக்கு வாங்கியதில்லை. பட்டைக்கு இப்போது விலை வந்துவிட்டது.

1877

பருவமழை பொய்த்தது. தாது வருஷப் பஞ்சம் என்று தாத்தா பாட்டிகள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பஞ்சத்தில் வட ஆர்க்காடு கடுமையாக அடிபட்டது.

மனிதருக்கு முன்னால் மாடுகள் விழுந்தன. வைக்கோல் இல்லை. புல் இல்லை. கரட்டில் பச்சையாக நின்றது ஆவாரை. அதை மாடு தின்னாது.

உழவு மாடு செத்தபின் உழவரிடம் மிஞ்சியது அதன் தோல் ஒன்றுதான். தோல்கள் வண்டி வண்டியாக வந்து குவிந்தன. சென்னைத் துறைமுகத்திலிருந்து தோல் ஏற்றுமதி பஞ்ச ஆண்டுகளில் திடீரென்று எகிறியது. கணக்கேட்டில் அது வளர்ச்சி. அந்த வளர்ச்சியின் ஒவ்வோர் எண்ணும் ஒரு வீட்டுக் கொட்டில் காலியானதன் கணக்கு.

ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ என்பார்கள் நம் ஊரில். அந்த இரண்டு ஆண்டுகளில் கண்டார்கள். சாலையோரங்களில், கஞ்சித் தொட்டிகளின் முன்னால், ரயில் நிலையங்களில் கண்டார்கள்.

பஞ்சம் முடிந்தது. வணிகம் ஒரு புதிய அளவுக்குப் பழகியிருந்தது. அது திரும்பிச் சுருங்கவில்லை.

பிலடெல்பியாவிலிருந்து ஒரு அடி

அடுத்த திருப்பம் யாரும் எதிர்பாராத திசையிலிருந்து வந்தது.

1884இல் அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷூல்ட்ஸ் என்பவர் குரோமிய உப்பைக் கொண்டு தோல் பதனிடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பிலடெல்பியாவில் ராபர்ட் ஃபோர்டெரர் அந்த முறையைப் பண்படுத்தி, பளபளப்பான மெல்லிய ஆட்டுத் தோலைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். 1893இல் மார்ட்டின் டென்னிஸ் முறையை இன்னும் எளிதாக்கினார். பட்டைக் குழியில் வாரக்கணக்கில் நடந்த வேலை நாள்கணக்கில் முடிந்தது.

அமெரிக்கருக்கு ஆட்டுத் தோல் வேண்டும். ஆனால் ஆவாரையில் பதனிட்ட தோல் வேண்டாம், பச்சைத் தோலாகவே வேண்டும். 1890களில் அவர்களுக்காக வாங்கியவர்கள் சென்னை மாகாணச் சந்தைகளில் ஆட்டுத் தோலை விலை ஏற்றி அள்ளினார்கள். பதனிட்டு விற்றவர்களுக்குத் தோலே கிடைக்கவில்லை. டேனரிகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின.

சென்னை அரசின் தொழில்துறையில் இருந்த ஆல்பிரட் சாட்டர்டன் இதைக் கவனித்துக்கொண்டிருந்தார். மாகாணத்தின் தோல் தொழிலைப் பற்றி 1904இல் ஒரு தனி நூலே எழுதியவர். குரோம் முறையை நாமே கற்றுக்கொள்ள வேண்டும் என்று 1903இல் சென்னை ஓவியப் பள்ளியில் சோதனையைத் தொடங்கினார். எதைச் செய்து பார்த்தார் தெரியுமா? கவலை இறைக்கும் தோல் பறி. ஆண்டு முழுவதும் கிணற்றுத் தண்ணீரில் கிடந்து நைந்துபோகும் பொருள் அது. குரோமில் பதப்படுத்திய பறி கூடுதல் காலம் உழைக்கும் என்று உழவர்களிடம் கொண்டுபோனார். செருப்பும் செய்தார்.

இதை நான் அவருடைய நல்ல எண்ணத்துக்குச் சான்றாகவே படிக்கிறேன். ஏற்றுமதியை நினைத்துத் தொடங்கிய ஒருவர் கிணற்றடியில் போய் நின்றிருக்கிறார். ஆனால் 1910இல் இந்தியாவுக்கான அமைச்சர் மார்லி, அரசாங்கம் தொழில் நடத்தக் கூடாது என்று லண்டனிலிருந்து உத்தரவு போட்டார். சென்னை அரசு தன் குரோம் பட்டறையைக் கைவிட்டது. பிறகு பல்லாவரத்துக்கு அருகே தனியார் குரோம் ஆலை எழுந்தது. குரோம்பேட்டை என்ற ஊர்ப் பெயரில் அதன் நினைவு இன்னும் இருக்கிறது.

பாலாற்றங்கரையோ ஆவாரையோடு நின்றது. ஆட்டுத் தோல் போனால் போகட்டும், மாட்டுத் தோல் இருக்கிறது என்று நின்றது. அந்தப் பிடிவாதம் நியாயமாகும் நாள் விரைவிலேயே வந்தது.

1916

ஐரோப்பாவில் போர் இரண்டு ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. இலட்சக்கணக்கான சிப்பாய்கள் சேற்றில் நிற்கிறார்கள். பூட்ஸ் வேண்டும். பூட்ஸின் மேல்பாகத்துக்கு இங்கிலாந்து நம்பியிருந்த தோல்களில் முதன்மையானது எது?

ஆவாரையில் பதனிட்ட இந்திய மாட்டுத் தோல்.

1916இல் அரசாங்கம் பதனிட்ட மாட்டுத் தோல் வணிகத்தைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்தது. தனியார் விருப்பம்போல் கப்பலேற்ற முடியாது. தரம் பார்த்து, விலை நிர்ணயித்து, அரசே வாங்கி லண்டன் போர் அலுவலகத்துக்கு அனுப்பியது. மூடிக் கிடந்த டேனரிகள் திறந்தன. புதியவை எழுந்தன. ஆம்பூர்க் கரட்டின் செடி பிரான்ஸ் பதுங்குகுழிகளில் நின்ற கால்களைச் சுற்றிக்கொண்டது.

யோசித்துப் பாருங்கள். போகிக்குக் காப்பாக வாசலில் செருகிய செடி. ஒரு பேரரசின் படையும் அதையே காப்பாகக் கட்டிக்கொண்டு நடந்திருக்கிறது. அந்தப் படையில் வட ஆர்க்காட்டுச் சிப்பாய்களும் இருந்தார்கள்.

ஆனால் ஆவாரை ஒரு தோட்டப் பயிர் அல்ல. யாரும் நட்டதில்லை, யாரும் நீர் விட்டதில்லை. தானாக முளைத்ததைத்தான் இதுவரை அறுத்தார்கள். பட்டை தடிக்கச் செடிக்கு ஆண்டுகள் வேண்டும். போர் அவ்வளவு பொறுக்குமா? பட்டை விலை ஏறிக்கொண்டே போனது. மைசூர் சமஸ்தானத்திலிருந்தும் ஐதராபாத் நிஜாம் நாட்டிலிருந்தும் மூட்டைகள் வந்தன. பதுக்கம்மா கோபுரத்துக்குப் பூக் கொடுத்த தக்காணத்துக் கரடுகளே பாலாற்றுக் குழிகளுக்குப் பட்டையும் கொடுத்தன. அப்படியும் போதவில்லை.

ஒரு செடியைக் கும்பிடுகிறவர் அதிலிருந்து ஒரு கொத்து ஒடிப்பார். அந்த ஒரு கொத்தில் அவருடைய தேவை முடிந்துவிடும். சந்தையின் தேவைக்கு அப்படி ஒரு முடிவு இல்லை. 1916இல் பாலாற்றங்கரை கண்டது இதைத்தான். விரிக்குத்தாவில் கள்ளி வளரும் நிலத்துக்கு அடியில் வெள்ளி இருப்பது தெரிந்து 2010இல் சுரங்க நிறுவனம் வந்து நின்றபோது விக்சாரிகா மக்கள் எதிர்கொண்டதும் இதே வேறுபாடுதான். அவர்கள் தெருவில் இறங்கினார்கள், வழக்காடினார்கள். அந்த யாத்திரைப் பாதை 2025இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. நம் கரடுகளுக்காக அன்று பேச யாரும் இருக்கவில்லை.

கடல் கடந்த பட்டை

போர் ஓய்ந்தது. 1919இல் பச்சைத் தோல் ஏற்றுமதிக்கு அரசு 15 சதவீத வரி போட்டது. பதனிடுகிறவர்களுக்கு அது ஓரளவு காவல். தோல் இருக்கிறது, ஆள் இருக்கிறது, பட்டைதான் இல்லை.

அப்போது சென்னைத் துறைமுகத்தில் வேறொரு பட்டை இறங்கத் தொடங்கியது. கறுப்பு வாட்டில். ஆஸ்திரேலியாவில் பிறந்த மரம். 1864இல் ஜான் வாண்டர்பிளாங்க் என்பவர் அதன் விதையைத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கொண்டுபோனார். 1880களில் அங்கிருந்து பட்டை கப்பலேறத் தொடங்கியது. ஆவாரையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு துவர்ப்புச் சத்து. வரிசை வரிசையாக நட்ட தோட்டம். எத்தனை கப்பல் வேண்டுமோ அத்தனை.

நேட்டால் என்றதும் வட ஆர்க்காட்டுக்காரர்களுக்கு வேறொன்று நினைவுக்கு வர வேண்டும். 1860 அக்டோபரில் 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு டர்பனுக்குப் போனது. 1911 வரை போய்க்கொண்டேயிருந்த அந்தக் கப்பல்களில் ஏறியவர்களில் வட ஆர்க்காட்டுக்காரர்கள் ஏராளம். பெரும்பாலோர் கரும்புத் தோட்டத்துக்குப் போனார்கள். ஒரு பகுதியினர் வாட்டில் தோட்டங்களில் மரம் வெட்டிப் பட்டை உரித்தார்கள்.

தாது வருஷத்தில் ஊரில் ஆவாரை உரித்த குடும்பங்களின் பிள்ளைகள் கடலுக்கு அப்பால் வாட்டில் உரித்திருக்கக்கூடும். அந்தப் பட்டை ஆம்பூர்க் குழிக்கு வந்து சேர்ந்து ஆவாரையின் இடத்தைப் பிடித்தது. கரட்டில் பட்டை உரித்து எடைக்குப் போட்ட பெண்களின் கோடைப் பிழைப்பு மெல்ல மெல்ல இல்லாமல் போனது. பல டேனரிகள் இரண்டையும் கலந்து போட்டன. போகப்போக வாட்டில் முந்தியது.

ஆவாரைக்கு இது விடுதலையா என்று கேட்டால், கரட்டைப் பார்த்தால் அப்படித்தான் சொல்லத் தோன்றுகிறது. வெட்டுவாரில்லாமல் செடி மறுபடி ஆளுயரம் நின்றது. போகிக்குக் கொத்து ஒடிக்க நெடுந்தூரம் அலைய வேண்டியதில்லை. ஆனால் ஒரு செடி தப்பித்த கதை அங்கேயே முடிந்துவிடவில்லை.

1947. நாடு விடுதலை பெற்றது. 1948இல் அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் பிறந்தது. புதிய அரசின் முன்னால் ஒரு கணக்கு வந்து நின்றது. வாட்டில் பட்டைக்காகக் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு அந்நியச் செலாவணியை ஏன் கொட்ட வேண்டும்? குளிர்ந்த மலை இருந்தால் அந்த மரத்தை நாமே வளர்க்கலாமே?

குளிர்ந்த மலை இருந்தது. நீலகிரி. ஏறக்குறைய 2000 மீட்டர் உயரத்தில், சோலைகளுக்கு நடுவே, மரமில்லாமல் விரிந்து கிடந்த புல்வெளிகள். திட்டம் போட்டவர்களின் வரைபடத்தில் அவை வெறும் நிலம். தோடர்களுக்கோ அங்கே ஒவ்வொரு குன்றும் ஒரு தெய்வத்தின் இருப்பிடம். அந்தப் புல்லில் எருமை மேயும். அந்தப் புல்லில்தான் கோயிலுக்குக் கூரை வேய்வார்கள். ஆம்பூரில் மாடும் ஆவாரையும் எப்படியோ, அங்கே எருமையும் புல்லும் அப்படி.

பாலாற்றங்கரைக் குழிகளுக்காக அந்தப் புல்வெளியில் வாட்டில் கன்றுகளை ஊன்ற ஆட்கள் மலையேறியபோது, தோடர்களிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா?

(அடுத்த வாரம்)